அரூஸாவின் கழன்ற பெடல்

"கையெழுத்துப் போட மாட்டேன்! வேணும்னா என் கைய வெட்டி எடுத்துட்டுப் போயி அதை வெச்சுப் போட்டுக்கட்டும்!"

மருந்துக் கடை மேசைமேல் ஒரு தாளை அறைந்து வைத்துவிட்டு உஸ்தா இன்சாஃப் கத்திய கத்தலில், இருமல் மருந்துக்கு வந்திருந்த இருவர் இருமலையே மறந்து கதவோரம் ஒதுங்கினார்கள். சனிக்கிழமை காலை பத்து மணி. அலெக்சாண்ட்ரியாவின் அந்த மெக்கானிக் தெருவில் நாற்பது பட்டறைகள் இருந்தன. அவற்றில் பெண் நடத்தியது ஒன்றே ஒன்றுதான், இன்சாஃபுடையது. தொழிலில் தேர்ந்தவர்களுக்குத் தெரு கொடுக்கும் பட்டம் 'உஸ்தா'. அதை அவளுக்குக் கொடுக்க ஆண்களுக்கு ஒன்பது வருஷம் பிடித்தது, அதுவும் மனசில்லாமல்.

கடைக்காரர் ஷவ்கி, தெருவுக்கே 'டாக்டர்', தாளை எட்டிப் பிடுங்கினார். மாத்திரை விற்பதைவிட மர்மம் துலக்குவதில்தான் அவருக்கு ஆசை அதிகம். "முனீர் சார், கேளுங்க! 'அரூஸா காரின் ஆக்ஸிலரேட்டர் பெடலை நான் சரியாகப் பொருத்தவில்லை. விபத்துக்கு நானே பொறுப்பு. பட்டறையைக் காலி செய்து தெருவை விட்டுப் போகிறேன்.' அட, என்ன அநியாயம் இது!"

மூலை நாற்காலியில் சர்க்கரையில்லாத காபியோடு உட்கார்ந்திருந்த முனீர் நிமிர்ந்து பார்த்தார். முப்பத்தோரு வருஷம் இன்சூரன்ஸ் கழகத்தில் விபத்து ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மோதிய வண்டிகளையும் பொய் சொல்லும் மனிதர்களையும் பார்த்துப் பார்த்து, எதற்கும் பதறாத சுபாவம் அவருக்கு வந்திருந்தது.

"உக்காரும்மா. யாரு கையெழுத்துக் கேக்கறது?"

"பெரியவர் பயூமி. சாயங்காலம் நாலு மணிக்குக் காபிக்கடையில பஞ்சாயத்து. அதுக்குள்ள போடணுமாம். போடலன்னாலும் தீர்ப்பு அதேதானாம். அப்புறம் எதுக்குய்யா பஞ்சாயத்து?"

அந்தத் தெருவில் தகராறு எதுவும் போலீசுக்குப் போகாது. பயூமி சொன்னால் சொன்னதுதான். அவர் காலி செய் என்றால் மறுநாள் அவளுக்கு யாரும் ஒரு நட்டுகூட விற்க மாட்டார்கள்.

"முதல்லேருந்து சொல்லு."

"ஹாஜியார் துல்பாவோட அரூஸா தெரியும்ல? கல்யாணத்துக்கு வாடகைக்குப் போற வெள்ளை அமெரிக்கக் கார், அறுபது வருஷத்துக் கிழவி. அதுல ஆக்ஸிலரேட்டர் பெடல் ஆடுதுன்னு கொண்டாந்தாங்க. தரையில உருண்டைத் தலை வெச்ச ரெண்டு ஆணி இருக்கும், ரப்பர் பெடலோட ரெண்டு ஓட்டையும் அதுல கவ்விக்கணும். ஓட்டை தேஞ்சு அகலமாயிருந்துச்சு. பழைய சாமான் சந்தையில அதே மாதிரி தேயாத பெடலாத் தேடிப் புடிச்சேன். இருந்தும் மனசு கேக்கல. ரெண்டு ஓட்டையிலயும் பித்தளை வளையம் அடிச்சு மாட்டினேன். யானை மிதிச்சாலும் கழலாது, வல்லாஹி, அல்லா மேல சத்தியம்!"

"எப்ப?"

"வியாழக்கிழமை மத்தியானம். ரிப்பேர் முடிஞ்சா கிடா அறுக்கறது ஹாஜியார் வழக்கமாச்சே! என் வாசல்லயே அறுத்தார். கண்ணு படக்கூடாதுன்னு கையை ரத்தத்துல முக்கி பானெட்ல பதிச்சார். பழைய பெடலைப் பொட்டலமாக் கட்டி அவர் கையில கொடுத்தேன். பிரிச்சுப் பாத்துட்டு வாங்கிட்டுப் போனார். அவரோட டிரைவர் அத்தியா காரை எடுத்துட்டுக் கல்யாண வீட்டுக்குப் போனான். சாயங்காலம் பொண்ணு மாப்பிள்ளைய மண்டபத்துல எறக்கிட்டுத் திரும்பற வழியில, கடற்கரை ரோட்டுல கரும்புச்சாறு கடைக்குள்ள புகுந்துடுச்சு. கடைக்காரர் மணிக்கட்டு உடைஞ்சிருக்கு. பெடல் கழண்டு சிக்கிக்கிச்சாம். அதனால என் தலையில கட்டறாங்க."

"கழண்ட பெடலை நீ பாத்தியா?"

"கார் மஹ்ரூஸ் பட்டறையில நிக்குது. என்னை உள்ள விடுவானா அவன்? நான் போயிட்டா என் இடமும் அவனுக்குத்தானே!"

ஷவ்கி மேசையைத் தட்டினார். "முடிஞ்சது சார்! மஹ்ரூஸ்தான்!"

முனீர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "கிடா அறுக்கும்போது காலைப் புடிச்சது யாரும்மா?"

இன்சாஃப் முறைத்தாள். "அத்தியாதான். செருப்பெல்லாம் ரத்தம், அப்படியே கார்ல ஏறிட்டான். என் பொழப்பே போகுது, நீங்க கிடாவைக் கேக்கறீங்க!"

"நாலு மணிக்கு வா. தாளை இங்கயே விட்டுட்டுப் போ."

மஹ்ரூஸ் தன் பட்டறையில் முனீரையும் ஷவ்கியையும் பல்லெல்லாம் தெரிய வரவேற்றான். வாயில் சூரியகாந்தி விதை, முகத்தில் பாதி வெற்றி. பட்டறை நடுவில் அரூஸா, பெயருக்கு மணப்பெண், முகம் நசுங்கி நின்றாள். பானெட்டில் ஐந்து விரலும் பழுப்பாகக் காய்ந்து கிடந்தன.

"நல்லாப் பாருங்க சார். எனக்கென்ன ஒளிவு மறைவு? வியாழக்கிழமை ராத்திரி கிரேன்ல தூக்கிட்டு வந்து வெச்சேன், அவ்வளவுதான். உள்ள ஏறி யாரும் உக்காரல."

"யாருமே கிட்ட வரலையா?"

"நேத்து ஜும்ஆ தொழுகைக்கு முன்னாடி ஹாஜியார் வந்தார். நான் குளிக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தா டிரைவர் பக்கக் கதவைத் தொறந்து வெச்சுக்கிட்டு, மண்டி போட்டு அழுதுட்டிருக்கார். பெத்த பொண்ணு மாதிரி வெச்சிருந்தாரே, பாவம். தொழுகை முடிஞ்சு வந்துதான் நான் பாத்தேன். பெடல் தொங்குது!"

ஷவ்கி ஆவலோடு டிரைவர் இருக்கையில் நுழைந்தார், நுழைந்த வேகத்தில் "ஆ!" என்றார். முட்டி ஸ்டியரிங்கில் இடித்துவிட்டது. "என்ன இது, சின்னப் புள்ளைங்க உக்காரற இடம் மாதிரி! வயித்தை எங்க வைக்கறது?" காலைத் தேய்த்துக்கொண்டே குனிந்து பெடலைப் புரட்டினார். அவர் முகம் வாடிவிட்டது. ஓட்டை இரண்டும் வாயைப் பிளந்திருந்தன. பித்தளை வளையத்தின் சுவடே இல்லை.

"சார்," என்று கிசுகிசுத்தார், "அந்தம்மா நம்மகிட்டயே பொய் சொல்லிட்டாங்களோ?"

முனீர் டார்ச்சை அடித்து மூன்று பெடல்களையும் பார்த்தார். ஒரு பல் குத்தும் குச்சியால் கிளட்ச் பெடலின் வரிப்பள்ளத்தைச் சுரண்டினார். பழுப்புத் தூள் உதிர்ந்தது. வேறு குச்சியால் சுரண்டிய பிரேக் பெடலிலும் அதே தூள். மூன்றாவது குச்சியில், ஆக்ஸிலரேட்டர் பெடலின் வரிகளிலிருந்து வெறும் கறுப்பு மசிதான் வந்தது. மூன்று குச்சிகளையும் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வாசலில் டயர்மேல் டிரைவர் அத்தியா குந்தியிருந்தான். எழுந்தபோது ஷவ்கி அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. அவ்வளவு நெட்டை.

"என்ன நடந்துச்சு தம்பி?"

"நான் ஓட்டினேன். ஹாஜியார் பக்கத்துல இருந்தார். பெடல் கழண்டு சிக்கிடுச்சு. பிரேக் போட நேரமில்ல." பள்ளிக்கூடத்துப் பாடம்போல ஒப்பித்துவிட்டு அவன் தரையைப் பார்த்தான்.

"செருப்புப் புதுசா?"

"பழசு ரத்தமாயிடுச்சு சார், நேத்துத்தான் தூக்கிப் போட்டேன்."

ஹாஜியார் துல்பா குட்டையான மனிதர், குரல் மட்டும் பெரியது. வீட்டுக் கூடத்தில் அவர்களை உட்கார வைத்துத் தானே காபி கலந்தார். ஒரு கரண்டிச் சர்க்கரை கோப்பையைத் தாண்டித் தட்டில் விழுந்தது. அவர் அதைக் கவனிக்காமல் கலக்கினார்.

"அவளுக்காகவா பேச வந்தீங்க? உங்க வயசுக்கு இது தேவையா சார்? பொம்பள கையில இரும்பைக் கொடுத்தது என் தப்பு!"

"பேச வரல ஹாஜியார், கேக்க வந்தேன். அவ பெடலை மாத்தவே இல்லைன்னு சிலர் சொல்றாங்க. மாத்தினாளா?"

இந்தக் கேள்வி அவரைச் சுட்டுவிட்டது. "என்னை ஏமாத்த முடியுமா? பழைய சாமானைக் கையில வாங்காம நான் காசே கொடுக்க மாட்டேன்! அதோ பாருங்க அலமாரி. இருபத்தாறு வருஷமா அரூஸாவுல மாத்தின ஒவ்வொரு சாமானும் உள்ள இருக்கு. பிளக்கு, பெல்ட்டு, தேஞ்ச பிரேக் கட்டை, ஒண்ணையும் தூக்கிப் போட்டதில்ல. சாவி என் கழுத்துல!"

"வியாழக்கிழமை வாங்கின பெடலும் உள்ள இருக்கா?"

"இல்லாம? நானே வெச்சுப் பூட்டினேன். மாத்தினா, ஆனா ஒழுங்கா மாட்டல. அதான் குத்தம்."

"நன்றி. காபி அருமை," என்று முனீர் எழுந்துவிட்டார்.

தெருவுக்கு வந்ததும் ஷவ்கிக்குப் பொறுக்கவில்லை. "தொறந்து காட்டச் சொல்லியிருக்கலாமே சார்!"

"நாலு பேர் முன்னாடி காட்டட்டும் டாக்டர். நம்ம ரெண்டு பேர் பாத்தா அது வெறும் வம்பு."

நாலு மணிக்குக் காபிக்கடையில் உட்கார இடமில்லை. கரும்புச்சாறு கடைக்காரர் கட்டுப் போட்ட கையோடு முன்வரிசையில் இருந்தார். பயூமிக்கு வலப்பக்கம் ஹாஜியார், இடப்பக்கம் மஹ்ரூஸ். அத்தியா சுவரோரம் நின்றான். இன்சாஃபுக்கு நாற்காலி போடவில்லை. அவளே ஒன்றை இழுத்து, நட்ட நடுவில் போட்டு உட்கார்ந்தாள். நாலைந்து பேர் உச்சுக்கொட்டினார்கள். அவள் அவர்களைத் திரும்பிப் பார்த்து, "இன்னும் சத்தமாக் கொட்டுங்க, காதுல விழல," என்றாள்.

பயூமி தொண்டையைச் செருமினார். "இன்சாஃப், பிடிவாதம் வேண்டாம். ஒரு மனுஷன் கை உடைஞ்சிருக்கு. பெடல் கார்லயே தொங்குது, நீ சொன்ன பித்தளை எங்க? ஒத்துக்கோ, கௌரவமாப் போ."

"செய்யாத தப்பை ஒத்துக்கறதுதான் கௌரவமா? எனக்கு அந்தக் கௌரவம் வேணாம் பெரியவரே."

முனீர் எழுந்தார். "நான் ரெண்டு வார்த்தை பேசலாமா?" பயூமி தலையசைத்தார். இன்சூரன்ஸ் முனீரை மறுக்க அவருக்கும் தைரியம் இல்லை.

"வியாழக்கிழமை மத்தியானம் உலகத்துல ரெண்டு பெடல் இருந்துச்சு," என்று முனீர் நிதானமாகத் தொடங்கினார். "ஒண்ணு தேஞ்சது, அது பொட்டலமா ஹாஜியார் கைக்குப் போச்சு. இன்னொண்ணு இன்சாஃப் மாட்டினது, அது கார்ல போச்சு. சரிதானா ஹாஜியார்?"

"சரிதான். காலையிலயே சொன்னேனே."

"அத்தியா, கிடா காலைப் புடிச்சது நீதானே? செருப்புல ரத்தத்தோடயே காரை எடுத்தே?"

"ஆமா சார்."

முனீர் காகிதத்தைப் பிரித்து மூன்று குச்சிகளையும் மேசைமேல் வைத்தார். "இது கிளட்ச்ல சுரண்டினது. பழுப்பா இருக்கே, காய்ஞ்ச ரத்தம். அது இடது கால் பெடல். இது பிரேக், இதுவும் ரத்தம். வலது கால் பெடல். இந்த மூணாவது, கழண்டதாச் சொல்ற பெடல். இதுவும் வலது கால்தான். ஆனா துளி ரத்தம் இல்ல. பட்டறையிலேருந்து கல்யாண வீட்டுக்கு நாலு கிலோமீட்டர். ஆக்ஸிலரேட்டரை மிதிக்காம ஒருத்தன் எப்படிப் போவான்? தள்ளிக்கிட்டா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். பயூமி குச்சிகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அப்படின்னா இந்தப் பெடல் வியாழக்கிழமை கார்லயே இல்ல. விபத்துக்கு அப்புறம் மாட்டினது."

"மஹ்ரூஸ்!" என்று ஷவ்கி துள்ளி எழுந்தார். மஹ்ரூஸ் வாயிலிருந்த விதையை விழுங்கிவிட்டான். "நான் இல்ல! எம் புள்ளைங்க மேல சத்தியமா இல்ல!"

"உக்காருங்க டாக்டர். அவர் இன்சாஃப் இடத்துக்கு ஆசைப்பட்டது உண்மை, ஆனா இதைச் செய்யல. செய்யறதுக்குத் தேஞ்ச பெடல் கையில வேணுமே. அது எங்க இருந்துச்சு? ஹாஜியார் அலமாரியில. சாவி அவர் கழுத்துல." முனீர் திரும்பினார். "ஹாஜியார், ஒரே ஒரு உதவி. கார்ல இருக்கறது இன்சாஃப் மாட்டின பெடல்னா, பழசு உங்க அலமாரியில இருக்கணும். கொண்டு வந்து காட்டிடுங்க. இந்தம்மாகிட்ட நானே கையெழுத்து வாங்கித் தர்றேன்."

ஹாஜியாரின் கை கழுத்துக்குப் போய், பாதியிலேயே நின்றது.

"சாவி... சாவியை எங்கயோ வெச்சுட்டேன்."

"வேண்டாம். உள்ள என்ன இருக்குன்னு நானே சொல்றேன். பித்தளை வளையம் அடிச்ச பெடல் இருக்கு, அதோட வரியில கிடா ரத்தம் இருக்கு. வேற யாரா இருந்தாலும் அதைக் கடல்ல எறிஞ்சிருப்பாங்க. நீங்க எறிய மாட்டீங்க. அரூஸாவோட சாமானைத் தூக்கிப் போட உங்களுக்கு மனசு வராது."

"ஏன்யா?" என்று பயூமி ஹாஜியார் பக்கம் திரும்பினார். "உமக்கு என்னய்யா தலையெழுத்து?"

"அதையும் சொல்லிடறேன். டாக்டரால அந்த இருக்கையில உக்கார முடியல, முட்டி இடிக்குது. அத்தியா அவரைவிட ஒரு சாண் உயரம். இருக்கை முன்னால கடைசி வரைக்கும் இழுத்திருக்கு. கார் கிரேன்ல தொங்கிக்கிட்டு வந்துச்சு, அப்புறம் யாரும் ஏறல. அப்ப மோதின நேரத்துல ஓட்டினது குட்டையான ஆளு. கார்ல இருந்தது ரெண்டே பேர்."

அத்தியா சுவரிலிருந்து நகர்ந்து முன்னால் வந்தான். "மன்னிச்சுடுங்க உஸ்தா. மண்டபத்துல எறக்கினதும் 'நான் ஓட்டறேன், நகரு'ன்னார். நான் மறுத்தேன். அல்லா மேல ஆணை, மறுத்தேன். அப்புறம் வேலை போயிடும்னு பயந்து வாயை மூடிக்கிட்டேன்."

ஹாஜியார் துல்பா நாற்காலியில் இன்னும் குட்டையாகிப் போனார். "ரெண்டு வருஷமாக் கண்ணு மங்கல். லைசென்ஸ் புதுப்பிக்கல. யாருக்கும் சொல்லல. கடைக்கிட்ட வந்ததும் பிரேக்னு நெனச்சு... மாத்தி மிதிச்சுட்டேன். அம்பது வருஷம் ஓட்டினவன் பெடல் மாத்தி மிதிச்சான்னு இந்தத் தெரு பேசறதைக் கேக்க முடியுமா என்னால?"

"அதுக்கு என்னைத் துரத்துவீங்களா?" இன்சாஃப் எழுந்து நின்றாள். "உங்களைப் பத்தி ஒரு வாரம் பேசுவாங்க. என் பொழப்பு மொத்தமாப் போயிருக்குமே ஹாஜியார்!"

அவர் கழுத்துச் சாவியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். முனீர் நீட்டிய தாளைப் பயூமி நான்காகக் கிழித்தார். அந்தச் சாவியோடு ஹாஜியார் வீட்டுக்குப் போன இருவர் கால்மணி நேரத்தில் பொட்டலத்தோடு திரும்பி வந்தார்கள். பித்தளை வளையம் இரண்டும் பளபளவென்று இருந்தன. மஹ்ரூஸே அதை வாங்கிப் பார்த்துவிட்டு, தன்னையறியாமல், "சுத்தமான வேலை," என்றான். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"சரி, முடிஞ்சது," என்றார் பயூமி. "கரும்புச்சாறு கடை நஷ்டமும் வைத்தியமும் ஹாஜியார் பொறுப்பு. ஹாஜியார், எழுந்து உஸ்தா தலையில ஒரு முத்தம் வையும். எல்லாரும் டீ குடிச்சுட்டுப் போவோம்."

அந்த ஊரில் எந்தச் சண்டையும் அப்படித்தான் முடியும். தலையில் முத்தம் வைத்துவிட்டால் அதற்குப் பிறகு பேச்சே கிடையாது. ஹாஜியார் தள்ளாடி எழுந்து வந்தார். இன்சாஃப் ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"தலை வேணாம். என் தலைக்கு ஒண்ணும் ஆகல. என் பேருக்குத்தான் ஆச்சு. தெருவுல நின்னு என் வேலை மோசம்னு சொன்னீங்கள்ல? அதே தெருவுல நின்னு, அதே குரல்ல சொல்லுங்க."

"அடியே, வயசானவரு..." என்று ஒருவர் ஆரம்பித்தார்.

"என்னைத் துரத்தக் கிளம்பினப்ப அந்த வயசு எங்க போச்சு?"

ஹாஜியார் பயூமியைப் பார்த்தார். பயூமி தன் டீ கிளாஸைப் பார்த்தார். முனீரோ காபிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் கிழவர் வாசலுக்குப் போய், நாற்பது பட்டறைக்கும் கேட்கும்படி கத்தினார்:

"உஸ்தா இன்சாஃப் மாட்டின பெடல் நல்லாத்தான் இருந்துச்சு! நான்தான் மாத்தி மிதிச்சேன்!"

சுத்தியல் சத்தங்கள் ஒவ்வொன்றாக நின்றன. எதிர்ப் பட்டறையிலிருந்து ஒருவன் தலையை நீட்டி, "என்ன ஹாஜியார்?" என்றான்.

"இன்னொரு தடவை சொல்லுங்க, அவருக்குக் கேக்கல," என்றாள் இன்சாஃப்.

அவர் இன்னொரு தடவை சொன்னார். ஷவ்கி கைதட்டவே ஆரம்பித்துவிட்டார். முனீர்தான் அவர் கையைப் பிடித்து அமர்த்தினார்.

ஹாஜியார் திரும்பி வந்தபோது முகத்தில் ரத்தமில்லை. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அரூஸா அப்படியே நசுங்கிக் கிடக்கா. அடுத்த வியாழன் கல்யாணம் இருக்கு. அவளை... அவளை யாரு சரி பண்ணுவா?"

மஹ்ரூஸ் நாற்காலியின் நுனிக்கு வந்தான். இன்சாஃப் அவன் பக்கம் திரும்பவேயில்லை.

"நான்தான். வேற எவனுக்குத் தெரியும் அவளோட உடம்பு? ஆனா வரிசை இருக்கு. முன்னால ஒரு ஸ்கூல் வேன், மூணு ஆட்டோ, ஒரு மீன் வண்டி. அதுக்குப் பின்னாலதான் ஹாஜியார் கார். அத்தியாவை அனுப்பக் கூடாது, நீங்களே வந்து என் வாசல்ல நிக்கணும்."

"எப்ப வர்றது?"

"காலையில எட்டு மணிக்குக் கடை திறப்பேன்," என்றாள் உஸ்தா இன்சாஃப்.